நிலம் இருந்தது, காசு இல்லை: அமெரிக்காவின் முதல் அரசமைப்பு

அமெரிக்காவில் இப்போதிருக்கும் அரசமைப்புச் சட்டம் அந்த நாட்டின் முதல் சட்டம் அல்ல. அதற்கு முன் எட்டு ஆண்டுகள், 1781 மார்ச் 1 முதல் 1789 மார்ச் 4 வரை, வேறொரு சாசனத்தின் கீழ் அந்த நாடு நடந்தது. கூட்டமைப்பு விதிகள் என்று பெயர். மொத்தம் 13 விதிகள். மத்திய அரசு பலவீனமாக இருந்தது, வரி போட அதிகாரமில்லை, ஆகவே புதிதாக எழுதினார்கள் என்று பாடப்புத்தகங்கள் இரண்டு வரியில் இதை முடித்துவிடும். அதில் தவறில்லை. ஆனால் எது ஓடியது, எது மக்கர் செய்தது என்று பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. காங்கிரஸ் என்பது அந்தச் சாசனத்தின் ஒரே மத்திய அவை. தனக்கென்று சொந்தமாக ஒன்று இருந்த இடத்தில் அந்தக் காங்கிரஸ் கெட்டிக்காரத்தனமாகவே நடந்துகொண்டது. மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டிய இடங்களில்தான் தடுக்கி விழுந்தது.

1776 ஜூன் 7 அன்று வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ கொண்டுவந்த தீர்மானத்தில் மூன்று கோரிக்கைகள் இருந்தன: சுதந்திரம், வெளிநாட்டுக் கூட்டணி, மாநிலங்களுக்கிடையே ஓர் அமைப்பு. முதலாவது ஒரு மாதத்துக்குள் முடிந்தது. மூன்றாவதற்கு ஐந்து வருடம் ஆனது. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் எழுதிய முதல் வரைவு ஜூலை 12 அன்று அவைக்கு வந்தது. அதில் மத்திய அவைக்கு ஓரளவு கனமான இடம் இருந்தது. அதைக் குறைத்தவர் வட கரோலினாவின் தாமஸ் பர்க். வெளிப்படையாகக் காங்கிரசுக்கு ஒப்படைக்கப்படாத ஒவ்வோர் அதிகாரமும் மாநிலத்திடமே இருக்கும் என்று அவர் முன்வைத்த திருத்தம் இரண்டாம் விதியாக உட்கார்ந்துகொண்டது. அந்த ‘வெளிப்படையாக’ என்ற ஒற்றைச் சொல் பின்னால் பல கதவுகளைச் சாத்தியது. பிலடெல்பியாவைப் பிரிட்டிஷ் படை பிடித்துக்கொண்டதால் யார்க் என்ற சிற்றூருக்கு ஓடிப்போயிருந்த காங்கிரஸ், 1777 நவம்பர் 15 அன்று வரைவை ஏற்று மாநிலங்களுக்கு அனுப்பியது.

இதை எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கடலுக்கு அப்பாலிருந்து வரி போட்ட ஒரு நாடாளுமன்றத்தோடு அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையின் நடுவில், வரி போடும் இன்னொரு அவையை வீட்டுக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ள யாருக்கும் மனசில்லை. பலவீனமான மையம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். கேட்டது கிடைத்தது.

அமைப்பு எளிமையானது. ஒரே அவை, தனியாக ஆட்சித் தலைவர் கிடையாது, நிரந்தர நீதித்துறை கிடையாது. மாநிலத்துக்கு இரண்டு முதல் ஏழு பிரதிநிதிகள் வரை அனுப்பலாம், ஆனால் எத்தனை பேர் வந்தாலும் ஒரே வாக்கு. ஆறு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் உறுப்பினராக இருக்க முடியாது. மாநிலம் நினைத்த நேரத்தில் அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம். அவருடைய செலவும் மாநிலத்தின் தலையில்தான். ஆகவே சிக்கனமான மாநிலத்துக்குச் சுலபமான வழி, ஆளையே அனுப்பாமல் விடுவது.

இங்கேதான் வாக்குக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சாதாரண விஷயத்துக்கு ஏழு மாநிலங்களின் ஆதரவு தேவை. போர், ஒப்பந்தம், நாணயம், கடன், செலவு ஒதுக்கீடு, படைத்தளபதி நியமனம் ஆகியவற்றுக்கு ஒன்பது. விதிகளையே திருத்துவதற்கு அன்றிருந்த பதின்மூன்று மாநிலங்களும் வேண்டும். இந்த ஒன்பது என்பது வந்திருப்பவர்களில் ஒரு பங்கு அல்ல. மொத்தப் பதின்மூன்றில் ஒன்பது. அன்றைக்கு ஒன்பது மாநிலங்கள் மட்டும் வந்திருந்தால், அதில் எந்த ஒன்று தலையசைக்க மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். இதற்கு மேல் இன்னொரு முடிச்சு: ஒரு மாநிலத்தின் வாக்கு எண்ணப்பட வேண்டுமானால் குறைந்தது இரண்டு பிரதிநிதிகள் இருக்கையில் இருக்க வேண்டும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றால் வாக்கு வீண். வராதவரும் மறுத்தவரும் கணக்கில் ஒன்றுதான்.

அதன் விலை என்ன என்பதற்கு 1784 ஏப்ரல் 19 சாட்சி. 1800க்குப் பிறகு மேற்குப் பிரதேசங்கள் எதிலும் அடிமைமுறை கூடாது என்று தாமஸ் ஜெஃபர்சன் ஒரு சட்ட வரைவில் எழுதியிருந்தார். வடக்கு, தெற்கு என்ற பாகுபாடு அதில் இல்லை. அந்த வாசகத்தைத் தக்கவைக்க ஏழு மாநிலங்கள் வேண்டும், ஆறு கிடைத்தன. எதிர்த்தவை மூன்றே மூன்று. நியூ ஜெர்ஸி ஏழாவதாக வந்திருக்கும். ஆனால் அதன் பிரதிநிதி ஒருவர் உடம்பு சரியில்லாமல் போனார், மிச்சமிருந்தவரின் வாக்கு எண்ணப்படவில்லை. ஒருவர் படுக்கையில் கிடந்ததால் அந்த வாசகம் விழுந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்னால், பிரிட்டனோடு நடந்த போரை முடித்த சமாதான ஒப்பந்தமே இந்தப் பொறியில் மாட்டியது. பாரிசில் 1783 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குள் இருதரப்பும் ஏற்று, ஏற்புப் பத்திரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். காங்கிரஸ் அப்போது அனாபொலிசில் இருந்தது. டிசம்பர் 23 அன்று வாஷிங்டன் அங்கே வந்து தளபதிப் பதவியைத் துறந்தபோது அவையில் இருந்தவை ஏழு மாநிலங்கள், பிரதிநிதிகள் ஏறத்தாழ இருபது பேர். ஒப்பந்தத்துக்கு வேண்டியதோ ஒன்பது. ஏழு போதாதா என்று சிலர் கேட்டார்கள். பிரிட்டன் பின்னால் அதையே சாக்காக வைத்து ஏற்பு செல்லாது என்றால் என்ன செய்வது என்ற பயம் வென்றது. ஜனவரி நடுவில் கனெக்டிகட்டின் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பிலடெல்பியாவில் நோயாய்க் கிடந்த தென் கரோலினாப் பிரதிநிதி ரிச்சர்ட் பெரஸ்ஃபோர்ட் எழுந்து வந்தார். ஜனவரி 14 அன்று ஏற்பு முடிந்தது. மார்ச் 3 கெடுவுக்குள் அட்லாண்டிக்கைத் தாண்ட முடியவில்லை. பத்திரங்கள் மாற்றிக்கொள்ளப்பட்டது மே 12 அன்று. பிரிட்டன் பெரிதுபடுத்தாதது அதிர்ஷ்டம்.

ஆனாலும் இந்த ஒன்பது என்ற கணக்கு எப்போதும் கேடு செய்தது என்று சொல்ல முடியாது. 1786இல் ஸ்பெயினோடு பேசிக்கொண்டிருந்த வெளியுறவுச் செயலர் ஜான் ஜே, வணிகச் சலுகைக்கு ஈடாக மிசிசிப்பி ஆற்றில் படகு விடும் உரிமையை நீண்ட காலத்துக்கு விட்டுக்கொடுக்கலாம் என்றார். வடக்கின் ஏழு மாநிலங்கள் சரி என்றன, தெற்கின் ஐந்து மறுத்தன. வெறும் பெரும்பான்மை போதும் என்று இருந்திருந்தால், மேற்கே குடியேறியவர்களின் ஒரே நீர்வழி பேரத்தில் போயிருக்கும்; அவர்கள் நாட்டைவிட்டே பிரிந்திருக்கவும் கூடும். ஒன்பது கிடைக்காததால் பேச்சு அங்கேயே நின்றது.

இனி பணம். எட்டாம் விதிப்படி பொதுச் செலவைப் பொதுக் கருவூலம் ஏற்கும். கருவூலத்தை மாநிலங்கள் நிரப்பும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு அளவுகோல், ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாருக்கு வழங்கப்பட்ட நிலத்தின் மதிப்பு, கட்டடங்கள் உட்பட. காகிதத்தில் நியாயம். ஆனால் ஒரு கண்டத்தின் வயல், வீடு, தோட்டம் அத்தனைக்கும் யார் விலை போடுவது? தன் சொத்தின் மதிப்பைத் தானே உயர்த்திக் காட்டி அதிகப் பங்கு கட்ட எந்த மாநிலம் முன்வரும்? அந்த மதிப்பீடு கடைசிவரை நடக்கவே இல்லை, பங்குகள் குத்துமதிப்பாகவே குறிக்கப்பட்டன. 1783இல் நிலத்தை விட்டுவிட்டு மக்கள்தொகையை அளவாக வைக்கலாம் என்று ஒரு திருத்தம் புறப்பட்டது. அடிமைகளை ஐந்தில் மூன்று என்று எண்ணும் கணக்கு முதலில் அங்கேதான், வரிப் பங்குக்காக, தலைகாட்டியது. திருத்தம் நிறைவேறவில்லை, கணக்கு மட்டும் அடுத்த அரசமைப்புக்குள் போய்ச் சேர்ந்தது.

பங்கு வசூலாகும் பாதையைப் பாருங்கள். காங்கிரஸ் ஆண்டுச் செலவைக் கணக்கிடும், பதின்மூன்றாகப் பிரிக்கும், கடிதம் போடும். மாநிலச் சட்டமன்றம் அதற்காக ஒரு வரிச் சட்டம் இயற்ற வேண்டும். உள்ளூர் அலுவலர்கள் வசூலிக்க வேண்டும். வசூலித்ததை மாநிலம் தன் சொந்தப் போர்க்கடனுக்கு எடுத்துக்கொள்ளாமல் அனுப்பி வைக்க வேண்டும். எந்தப் படியில் நின்றாலும் கேட்க ஆளில்லை; தண்டனை இல்லை, வட்டி இல்லை, ஜப்தி இல்லை. பக்கத்து மாநிலம் கட்டவில்லை என்று தெரிந்ததும் கட்ட நினைத்தவரும் கையை மடக்கிக்கொள்வார். 1781 அக்டோபரில் அடுத்த ஆண்டுக்காக 80 லட்சம் டாலர் கேட்டார்கள். வந்தது அதில் சிறு பங்குதான். 1786இல் கேட்டது 38 லட்சம். அந்தக் கோரிக்கைக்கு அடுத்த ஆண்டு மார்ச் வரை வந்து சேர்ந்தது 663 டாலர். பூஜ்யங்கள் எதுவும் விட்டுப்போகவில்லை. அறுநூற்று அறுபத்து மூன்றுதான்.

மாநிலங்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மக்களிடமும் நாணயப் பணம் இல்லை. தன் கடனை அடைக்க உண்மையாகவே வரியைக் கறாராக வசூலித்த மாநிலம் மாசசூசெட்ஸ். அங்கேதான் 1786 ஆகஸ்டில் விவசாயிகள் நார்த்தாம்டன் நீதிமன்றத்தை மறித்தார்கள். கடனுக்காக நிலத்தை ஏலம் விடும் வழக்குகள் நடக்கவிடாமல் செய்தார்கள். டேனியல் ஷேஸ் பெயரால் அறியப்படும் கிளர்ச்சி அது. கட்டாத மாநிலத்தால் காங்கிரஸ் திவாலானது. கட்டவைத்த மாநிலத்தில் கலவரம் வந்தது.

இதற்கு மருந்து என்று எல்லோரும் நம்பியது ஐந்து சதவீத இறக்குமதி வரி. துறைமுகத்தில் வசூலாகும், மாநிலச் சட்டமன்றத்தின் வாசலில் காத்திருக்க வேண்டாம். 1781 பிப்ரவரியில் திருத்தமாக அனுப்பினார்கள். நிதிப் பொறுப்பேற்ற ராபர்ட் மாரிஸ் இதையே மலைபோல் நம்பியிருந்தார். பன்னிரண்டு மாநிலங்கள் வரை வந்த நிலையில் 1782 நவம்பரில் ரோட் ஐலண்ட் முடியாது என்றது. சின்னஞ்சிறு மாநிலம்; அதன் வருமானமே துறைமுகம்தான், அதை எப்படி விடும்? அடுத்த மாதம் வர்ஜீனியாவும் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. 1783இல் இருபத்தைந்து ஆண்டு வரம்போடு மறுபடி முயன்றார்கள். இந்த முறை நியூயார்க். தன் ஆட்களே வசூலிக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் போட்டு, 1787 பிப்ரவரியில் கதவை முழுதாகச் சாத்தியது. நியூயார்க் துறைமுகம் வழியாகச் சரக்கு வாங்கும் நியூ ஜெர்ஸியும் கனெக்டிகட்டும் அந்த வரியைச் சுமந்தன, பணமோ நியூயார்க் கஜானாவுக்குப் போனது. கோபத்தில் நியூ ஜெர்ஸி 1786 பிப்ரவரியில், நியூயார்க் ஒத்துக்கொள்ளும்வரை காங்கிரசுக்குக் காசு தரமாட்டோம் என்று தீர்மானமே போட்டது.

பணமில்லாத அரசுக்குப் படையும் இருக்காது. 1783 ஜூன் 21 அன்று, சம்பளம் கிடைக்காத சில நூறு சிப்பாய்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். காங்கிரசிடம் அனுப்பச் சிப்பாய் இல்லை. பென்சில்வேனியா அரசிடம் உள்ளூர்ப் படையை அழைக்கச் சொல்லிக் கேட்டது. படையை நம்ப முடியாது, இப்போதைக்கு அழைக்க முடியாது என்று சொன்ன அந்த மாநிலத் தலைவர் வேறு யாருமல்ல, முதல் வரைவை எழுதிய அதே ஜான் டிக்கின்சன். காங்கிரஸ் மூட்டை கட்டிக்கொண்டு பிரின்ஸ்டனுக்குப் போனது, அங்கிருந்து அனாபொலிஸ், பிறகு டிரென்டன், கடைசியில் நியூயார்க். 1784 ஜூன் 2 அன்று மிச்சமிருந்த படையைக் கலைத்தபோது வைத்துக்கொண்டவர்கள் 80 பேர்: பிட் கோட்டைக்கு 25, வெஸ்ட் பாயின்டுக்கு 55. பண்டங்களைக் காவல் காக்க. மறுநாளே எல்லைக்கு 700 பேர் வேண்டும் என்று நான்கு மாநிலங்களிடம் கேட்டார்கள். 1787 ஜனவரியில் ஷேஸின் ஆட்கள் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த காங்கிரசின் சொந்த ஆயுதக் கிடங்கை நோக்கி வந்தபோதும், காத்தது மாசசூசெட்ஸ் மாநிலப் படைதான். பின்னால் துரத்திப் போன படைக்குப் பணம் கொடுத்தவர்கள் பாஸ்டன் வணிகர்கள்.

வெளிநாட்டு வணிகத்தில் கதை இதே. 1783இல் பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்கக் கப்பல்களுக்கு மூடியது. பதிலடி கொடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை. ஒரு மாநிலம் பிரிட்டிஷ் கப்பலுக்குத் தடை போட்டால் சரக்கு பக்கத்து மாநிலத்தில் இறங்கியது. சமாதான ஒப்பந்தப்படி பிரிட்டிஷ் வணிகர்களின் பழைய கடனை வசூலிக்கத் தடை கூடாது, மாநிலங்கள் தடுத்தன. அதைக் காரணம் காட்டிப் பிரிட்டன் டிட்ராய்ட், நயாகரா கோட்டைகளைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தது.

நீதித்துறை இல்லை என்று சொன்னேன். ஒன்பதாம் விதியில் அதற்கு ஒரு விலக்கு ஒளிந்திருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு மாநிலங்களுக்குள் எல்லைத் தகராறு வந்தால் நீதிபதிகளை இரு தரப்பும் பேசித் தேர்ந்துகொள்ளலாம். ஒத்துவரவில்லையென்றால் காங்கிரஸ் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மூன்று பெயர் எழுதும்: மொத்தம் 39. வழக்குத் தொடுத்தவர் முதலில் ஒரு பெயரை அடிப்பார், எதிராளி ஒன்றை அடிப்பார், இப்படி மாறி மாறி 13 மிஞ்சும்வரை. அதிலிருந்து ஏழு முதல் ஒன்பது பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதில் எந்த ஐந்து பேரும் தீர்ப்புச் சொல்லலாம். வயோமிங் பள்ளத்தாக்கு யாருக்கு என்று கனெக்டிகட்டும் பென்சில்வேனியாவும் இரத்தம் சிந்திய தகராறில் இரு தரப்பும் நீதிபதிகளைப் பேசி முடிவு செய்தார்கள். டிரென்டனில் ஐந்து பேர் உட்கார்ந்து 1782 டிசம்பர் 30 அன்று ஒருமனதாகப் பென்சில்வேனியாவுக்கு என்றார்கள். கனெக்டிகட் ஏற்றுக்கொண்டது. இரண்டு அரசுகள் துப்பாக்கியை வைத்துவிட்டுத் தீர்ப்புக்குத் தலைவணங்கியது அந்தக் காலத்துக்குச் சாதாரணம் அல்ல. ஆனால் அங்கே குடியிருந்தவர்களின் பட்டா யாருடையது என்ற கேள்வியைத் தீர்ப்பு தொடவில்லை. இரண்டே ஆண்டில் மறுபடி அடிதடி.

இப்போது நிலத்துக்கு வருவோம். விதிகள் ஐந்து ஆண்டு இழுத்ததற்குக் காரணம் மேரிலாந்து. வர்ஜீனியா போன்றவை தம் பழைய அரச சாசனங்களைக் காட்டி, அப்பலாச்சிய மலைகளுக்கு அப்பாலும் தங்களுக்குச் சொந்தம் என்றன. மேரிலாந்துக்கு அப்படி எதுவும் இல்லை. வர்ஜீனியா மேற்கு நிலத்தை விற்றே செலவைச் சமாளிக்கும், வரி குறையும், நம் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள் என்று மேரிலாந்து கணக்குப் போட்டது. அதன் பெரும்புள்ளிகள் சிலருக்கு மேற்கு நிலக் கம்பெனிகளில் பங்கு இருந்ததும் உண்மைதான். கொள்கையும் லாபமும் ஒரே திசையில் இழுத்தன. மற்ற பன்னிரண்டும் கையெழுத்திட்ட பிறகும் அது அசையவில்லை. ஒப்படைக்கப்படும் நிலம் எல்லோருக்கும் பொதுவாக விற்கப்படும், அதில் புது மாநிலங்கள் உருவாகும் என்று 1780 அக்டோபர் 10 அன்று காங்கிரஸ் உறுதி கொடுத்தது. நியூயார்க் விட்டுக்கொடுத்தது; 1781 ஜனவரி 2 அன்று வர்ஜீனியா சம்மதித்தது. செசபீக் விரிகுடாவில் கடற்படைப் பாதுகாப்பு வேண்டிய மேரிலாந்தை பிரெஞ்சுத் தூதரும் தட்டிக்கொடுத்தார். மார்ச் 1 அன்று அதன் பிரதிநிதிகள் கையெழுத்திட்டார்கள். வரியைக் கொன்றதும் ஒற்றை மாநிலத்தின் பிடிவாதம்தான், நிலத்தைப் பொதுச் சொத்தாக்கியதும் ஒற்றை மாநிலத்தின் பிடிவாதம்தான்.

ஒஹாயோ ஆற்றுக்கு வடமேற்கே உள்ள நிலம் கைக்கு வந்ததும் காங்கிரசின் நடையே மாறுகிறது. 1785 மே 20 சட்டத்தைப் படித்தால் இது அதே அவையா என்று தோன்றும். விற்பதற்கு முன் அளக்க வேண்டும். ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 பிரிவுகள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். 16ஆம் பிரிவு பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கீடு. ஏக்கருக்குக் குறைந்தது ஒரு டாலர், ஏலத்தில். அளவைக்குச் சங்கிலி 66 அடி நீளம். 80 சங்கிலி ஒரு மைல், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் சரிபார்க்கலாம். 1785 செப்டம்பர் 30 அன்று தாமஸ் ஹட்சின்ஸ் பென்சில்வேனியாவின் மேற்கு எல்லைக்கோட்டில் தொடங்கி மேற்கே சங்கிலி இழுத்தார். இன்றும் விமானத்திலிருந்து பார்த்தால் தெரியும் அந்தக் கட்டம் கட்டமான வயல்களுக்கு முதல் கோடு அது.

ஓட்டைகள் இல்லாமல் இல்லை. குறைந்தபட்சம் 640 டாலர் கையில் வேண்டும் என்றால் சாதாரண விவசாயி எங்கே போவார்? கம்பெனிகள்தான் வாங்கின. 1787 அக்டோபரில் ஒஹாயோ கம்பெனியோடு சுமார் 15 லட்சம் ஏக்கருக்கு 10 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம்; அதுவும் விலை வீழ்ந்துகிடந்த அரசுக் கடன்பத்திரங்களில். இதைவிடப் பெரிய ஓட்டை, அது வெற்று நிலம் அல்ல. ஷாவ்னி, மயாமி, டெலவேர் மக்கள் வாழ்ந்த மண். ஸ்டான்விக்ஸ் கோட்டையிலும் மக்கின்டோஷ் கோட்டையிலும் 1784-85இல் மிரட்டி வாங்கிய ஒப்பந்தங்களை அவர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பழங்குடி விவகாரம் காங்கிரசுக்கு என்று ஒன்பதாம் விதி சொல்கிறது. கையோடு, எந்த மாநிலத்தின் சட்ட உரிமையும் தன் எல்லைக்குள் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. ஒரே வாக்கியத்தில் கொடுத்துப் பிடுங்கிய விதி. நியூயார்க்கும் ஜார்ஜியாவும் தம் பாட்டுக்குத் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

1787 ஜூலை 13 அன்று வந்த வடமேற்குப் பிரதேசச் சட்டம் இந்த வரிசையில் கடைசி. முதலில் ஓர் ஆளுநர், ஒரு செயலர், மூன்று நீதிபதிகள். வயதுவந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் சட்டமன்றம். 60,000 மக்கள் ஆனதும் பழைய பதின்மூன்றுக்குச் சமமான மாநிலம். மூன்றுக்குக் குறையாமல் ஐந்துக்கு மிகாமல் மாநிலங்கள். அடிமைமுறை கிடையாது, ஓடிவரும் அடிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கறையோடு. தன் குடியேற்றங்களைக் குடியேற்றங்களாகவே வைத்திருக்காமல் சரிசமமாக ஆக்குவோம் என்று ஒரு அரசு முன்கூட்டியே எழுதிக்கொடுத்தது பெரிய விஷயம். வேடிக்கை என்னவென்றால், இதை நிறைவேற்றிய அன்று அவையில் இருந்தவை எட்டே மாநிலங்கள். இப்படிப் பிரதேச அரசு அமைக்கவும் புது மாநிலம் சேர்க்கவும் விதிகளில் தெளிவான அதிகாரமும் இல்லை. நிலத்தில் கைவைத்தபோது மட்டும் காங்கிரஸ் யாரையும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் பிலடெல்பியாவில் இன்னொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. 1786 செப்டம்பரில் வணிகத்தைப் பற்றிப் பேச அனாபொலிசுக்கு வந்தவர்கள் ஐந்தே மாநிலங்களின் 12 பேர். பேச ஆளில்லை என்று அடுத்த மே மாதத்துக்குப் பெரிய மாநாடு ஒன்றைக் கேட்டுவிட்டுக் கலைந்தார்கள். விதிகளைத் திருத்த மட்டுமே என்று சொல்லித்தான் காங்கிரஸ் 1787 பிப்ரவரி 21 அன்று அதற்குச் சம்மதித்தது. கூடியவர்கள் புதிதாகவே எழுதினார்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. பழைய பதின்மூன்றாம் விதிப்படி அதன் சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. ஆகவே ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் அந்த ஒன்பதுக்குள் செல்லும் என்று எழுதி அந்தப் பூட்டைச் சுற்றிப் போனார்கள். பழைய விதிப்படி இது செல்லாது என்று எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய விதிப்படி எதுவுமே நடந்திருக்காது என்பதும் நிஜம்.

1788 அக்டோபர் 10க்குப் பிறகு பழைய காங்கிரசில் வேலை நடத்தப் போதுமான மாநிலங்கள் கூடவே இல்லை. புதிய காங்கிரஸ் வந்ததும் 1789 ஆகஸ்ட் 7 அன்று வடமேற்குப் பிரதேசச் சட்டத்தைக் கையில் எடுத்தது. ஆளுநர் இனிக் காங்கிரசுக்குப் பதிலாகக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும் என்பது போன்ற சில இடங்களைத் திருத்திவிட்டு, மிச்சத்தை அப்படியே மறுபடி நிறைவேற்றியது.